ரெண்டு குழி வலது

“பாத்தீங்களா, மறுபடியும் மேல்பக்கமே போகுது! இந்தப் பந்துக்கு என்மேல அப்படி என்ன கோபம்?”

மட்டையைப் பயிற்சித் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள் அவள். மூன்று வாரமாக இதே கதைதான்.

குழியைச் சுற்றியுள்ள புல் பார்வைக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் எங்காவது ஒரு பக்கம் சரிந்திருக்கும். பந்தை நேராகக் குழியைப் பார்த்து அடித்தால் சரிவில் இறங்கி விலகிவிடும். அதனால் மேட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் குறிவைக்க வேண்டும். பந்து தானே வளைந்து இறங்கி வந்து விழும். எவ்வளவு தள்ளி என்பதைக் குழியின் அகலத்தால் அளந்து சொல்வார்கள்: ஒரு குழி வலது, இரண்டு குழி இடது என்று. அவளுடைய பந்துகளோ குழிவரை இறங்காமல், மேட்டுப் பக்கமாகக் குழியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

ஆடுவது பெண்களுக்கான இரண்டாம் நிலை கோல்ஃப் சுற்று. சீசன் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். முடிவில் பட்டியலில் முதல் பத்து பேர் பெரிய சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு அடுத்த வருடமும் இதே சுற்று, இதே வாடகை அறை, இதே முனகுகிற கார். மூன்றாவதாக இருந்தவள் வழுக்கி வழுக்கிப் பத்தாவதில் தொங்கிக்கொண்டிருந்தாள். நாளை கடைசி நாள்.

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, சரிவையும் பார்த்துச் சொல்பவன் கணவன். அந்த வேலைக்கு கோல்ஃபில் கேடி என்று பெயர். கல்யாணப் பேச்சின்போதே மாப்பிள்ளைக்கு அந்தப் பெயரை அவள் அம்மா வைத்துவிட்டாள்.

“மட்டையை மாத்திப் பாத்தியாக்கா?” என்றாள் நெட்டை. அதே சுற்றில் ஆடுபவள், அதே காரில் வருபவள். அவளுக்குப் பெரிய சுற்றில் இடம் போன வாரமே உறுதியாகிவிட்டது.

“மாத்தியாச்சு. பழைய மட்டையும் இப்படித்தான் பண்ணுது.”

“கண்ணு?”

“டாக்டர்கிட்ட காட்டியாச்சு. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்தேன்னு திட்டி அனுப்பினார்.”

“நீ தனியா அடிச்சா?”

“விழுதே! இங்க அடிச்சு அடிச்சுச் சரிவெல்லாம் எனக்கு மனப்பாடம். மைதானத்துல இவர் கண்ணு இல்லாம முடியாது. அங்க போனா ஒண்ணுகூட விழ மாட்டேங்குது. இன்னைக்கு இங்கேயும் மேட்ச் மாதிரி இவரைச் சொல்ல வச்சு அடிச்சேன். அதே கதை!”

“மட்டை இல்ல, கண்ணு இல்ல, கையும் இல்ல.” நெட்டை விரல்களை மடக்கினாள். “மிச்சம் இருக்கறது மாமாதான்.”

“என்னை ஏம்மா இழுக்கறே? நான் பை தூக்கறவன்” என்றான் அவன். கையிலிருந்த பந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“சரி, மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன மாறுச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“ஒண்ணும் மாறல” என்றாள் அவள். “சண்டை நின்னுச்சு, அவ்வளவுதான். கார் நிறுத்தற இடத்துல அன்னைக்கு இவர் ஒரே பிடியா பிடிச்சுக்கிட்டார். ‘நான் எதைச் சொன்னாலும் நீ பாதிதான் நம்பறே, ரெண்டு குழின்னா ஒரு குழிக்குத்தான் அடிக்கறே’ன்னு. யோசிச்சுப் பாத்தேன், நியாயம்தான். இனிமே நீங்க சொல்றதை அப்படியே நம்பறேன்னு வாக்குக் குடுத்தேன். அன்னையிலேர்ந்து ஒரு இம்மி குறைக்கறதில்ல!”

நெட்டை அவன் பக்கம் திரும்பினாள். “மாமா, விட்டுடுங்க. அந்தப் பந்து தேஞ்சே போயிடும்.”

துடைப்பது நின்றது.

அவள் இடுப்பில் கை வைத்தாள். “இப்ப அடிச்சேனே, அதுக்கு எவ்வளவு சொன்னீங்க?”

“ரெண்டு குழி வலது.”

“உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது எவ்வளவு?”

அவன் புல்லைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், நெட்டையைப் பார்த்தான். உதவி எங்கிருந்தும் வரவில்லை.

“ஒண்ணு.”

“அப்ப ஏன் ரெண்டுன்னீங்க?”

“நீதான் பாதியாக்குவியே! அதனால முதல் சீசன்லேர்ந்தே இரட்டிப்பாத்தான் சொல்றேன்.”

“அதான் நம்பறேன்னு வாக்குக் குடுத்தேனே!”

“குடுத்தே” என்றான் அவன். “நான்தான் நம்பலை.”

நெட்டை புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளால் நிற்க முடியவில்லை.

“போனது போகட்டும். நாளைக்காவது பாத்ததைப் பாத்தபடி சொல்லுங்க” என்றாள் மனைவி.

“சொல்றேன். நீ பாதியாக்க மாட்டியே?”

அவள் தன் கையைப் பார்த்தாள். “இவ்வளவு நாள் புளுகினது தெரிஞ்சப்புறம் எப்படிங்க சும்மா இருக்கும் கை?”

“அப்படின்னா என் வாய் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?”

“தயவுசெஞ்சு ரெண்டு பேரும் திருந்திடாதீங்க” என்றாள் நெட்டை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள், கடைசிக் குழி. இது விழுந்தால் பத்தாவது இடம், விழாவிட்டால் பதினொன்று. அவன் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிச் சரிவைப் பார்த்தான். “ரெண்டு குழி வலது” என்று கூசாமல் பொய் சொன்னான். அவள் வழக்கம்போல் பாதி மட்டும் நம்பி ஒரு குழிக்குக் குறிவைத்தாள். பந்து அழகாக வளைந்து இறங்கி, குழியின் நடுவில் விழுந்தது.