பதினோராம் நம்பர் ஊசி

"ஒரு தையல் மெஷின் வேணும்மா. மெதுவா ஓடறதா காட்டு."

விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வேகமாக ஓட வேண்டும், நாற்பது டிசைன் போட வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மெதுவாக ஓடும் மெஷின் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான். அதுவும் பஸ் டிரைவர். அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"வீட்ல மேடம் தைப்பாங்களா சார்?"

"நான்தான் தைக்கப் போறேன். அவளுக்கு ஒரு சட்டை. பத்து நாள்ல அவ தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். இவ தூக்கி வளத்த புள்ள. ஆனா வரமாட்டேன்னு அடம் பிடிக்கறா. இந்தச் சட்டை சரியா அமைஞ்சாத்தான் கிளம்புவா."

பின்னால் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

முதல் மெஷினின் பெடலை டிரைவர் ஒரு மிதி மிதித்தார். அது துணியை விழுங்கிக்கொண்டு பறந்தது.

"சார், சார்! இது பஸ் இல்ல!"

"பிரேக் எங்கம்மா இருக்கு?"

"காலை எடுங்க சார். அதான் பிரேக்."

இரண்டாவதும் அதே கதி. மூன்றாவதில் வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு பட்டன் இருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஆமை மாதிரிதான் போயிற்று.

"இதான் எனக்கு லாயக்கு" என்றவர், பையிலிருந்து மெத்தென்ற பனியன் துணியை எடுத்து ஓட்டிப் பார்த்தார். தையல் அங்கங்கே விட்டுப்போயிருந்தது. முகம் விழுந்துவிட்டது.

"மெஷின் மேல தப்பில்ல சார், ஊசி மேலதான். பனியன் துணிக்குச் சாதா ஊசி ஆகாது. முனை உருண்ட ஊசி தனியா இருக்கு. பதினோராம் நம்பர். நூலைக் குத்தாம விலக்கிட்டு இறங்கும். அப்புறம், நேர்த் தையல் போட்டா இழுபடறப்ப அறுந்துடும். சின்னச் சின்னதா வளைஞ்சு வளைஞ்சு போகணும்."

"மலைப்பாதை மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்படிச் சொல்லு! இருபது வருஷமா அதுலதான் ஓட்டிட்டிருக்கேன்."

அவள் ஊசியை மாற்றிக் கொடுத்ததும் மலைப்பாதை நன்றாகவே வந்தது. ஆனால் தைத்த துணியை அவர் கழுத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உறுத்துதும்மா" என்றார்.

நூலை மாற்றினாள். "இப்பவும் லேசா உறுத்துது."

தையலைப் பிரித்து மறுபடி ஓட்டினார். மறுபடி கழுத்தில் தேய்த்தார். நாலு முறை ஆயிற்று. அவளுக்குப் பொறுமை போயிற்று.

"ஏன் சார் இவ்ளோ அவஸ்தை? டெய்லர்கிட்ட குடுத்தா ரெண்டே நாள்ல முடிஞ்சிடுமே."

"டெய்லர் வேண்டாம். அளவெடுக்கணும்பாங்க."

"பொம்பள டெய்லரே இருக்காங்க சார். அடுத்த தெருவுல ஒரு அக்கா..."

"வேண்டாம்மா. வேற யாரும் அளவெடுக்க வேண்டாம்."

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்பதுபோல் இருந்தது பதில்.

ஊசிப் பாக்கெட் எடுக்க உள்ளே போனவளிடம் மெக்கானிக் கிசுகிசுத்தார். "கஞ்சன்னு நெனச்சேன். கஞ்சனா இருந்தா இவ்ளோ நல்ல மெஷின் வாங்குவானா? இது சந்தேகப் பேர்வழி. பொம்பள டெய்லர்கூடத் தொடக் கூடாதாம்!"

"பாவம்ணே அந்தம்மா. இப்படி ஒரு ஆள்கூட யாரு கல்யாணத்துக்குக் கிளம்புவாங்க?"

திரும்பி வந்தவளின் பேச்சில் பழைய இனிப்பு இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்க இஷ்டத்துக்கு விட்டா அவங்களே வந்துடுவாங்க சார்."

அவர் கோபப்படவில்லை. "வாஸ்தவம்தான்மா. அவ இஷ்டத்துக்குத்தான் இவ்ளோ பாடும்" என்றார்.

பில் போடும்போது லேசாகத் தயங்கினார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுத்துடும்மா. சட்டைக்கு உள்பக்கமா ஒரு பை வைக்கணும்."

"காசு ஒளிச்சு வைக்கவா சார்?" என்று மெக்கானிக் பின்னாலிருந்து சிரித்தார்.

டிரைவர் பையிலிருந்து மனைவியின் பழைய சட்டை ஒன்றை எடுத்தார். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மேஜைமேல் விரித்தார். மார்பின் இடது பக்கம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"இதுக்குள்ள ஒரு சின்னத் திண்டு நகராம நிக்கணும். ஆஸ்பத்திரியில குடுத்தது தையல் போட்ட எடத்துல உறுத்துதாம். பஞ்சு வெச்சு நானே ஒண்ணு செஞ்சிருக்கேன்."

மெக்கானிக் கையிலிருந்த எண்ணெய்க் கேனைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"இடது பக்கம் மட்டும் போதுமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"போதும்மா. அந்தப் பக்கம்தான் எடுத்தாங்க."

அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "சார், அந்த டெய்லர் அக்கா ரொம்பத் தங்கமானவங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டாங்க. நான் வேணும்னா கூட்டிட்டு வரட்டுமா?"

"நீ சொன்னா நல்லவங்களாத்தான் இருப்பாங்க" என்றார் அவர், சட்டையைப் பதமாக மடித்துக்கொண்டே. "ஆனா, என் முன்னாடி நின்னு அளவு குடுக்கவே அவளுக்கு மூணு மாசம் ஆச்சும்மா."