பாக்கெட்டில் ஒரு பிழை

காலர் முடிந்து கைக்குப் போயிருந்தது இஸ்திரிப் பெட்டி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது.

மூன்றாம் மாடி தமிழ் டீச்சர். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"இது என்னடி?"

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, பக்கத்தில் துணிக்கூடையில் தூங்கும் குழந்தை, இவ்வளவுதான் அவள் கடை. கட்டடத்தில் அவளுக்கு 'வாயில்லாப்பூச்சி' என்று பெயர். எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். இப்போதும் ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது.

"நீ இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. என் பிள்ளை பாக்கெட்டுல இருந்துச்சு. கேளு! 'மனசுல வழி இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடு. பேரு சொல்ல வேண்டாம். யாருக்கும் தெரியாது.' எவ்வளவு நெஞ்சழுத்தம்! மனசுல வழி விடணுமாம், மகாராணி உள்ளே வர்றதுக்கு!"

வாட்ச்மேன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "லவ் லெட்டரா டீச்சர்?"

"வேற என்ன? ரெண்டு மாசமா காலேஜுக்கு ஒழுங்காப் போறதில்ல. கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கான். கேட்டா எரிஞ்சு விழறான். இப்பத்தானே புரியுது! ஏய், எவ கொடுத்தா? சொல்லு!"

"வந்து... டீச்சர்..."

"நீ எங்க சொல்லப்போற! அவளையே கேட்கிறேன்."

நம்பரை அழுத்தி, நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம்," என்றது ஒரு பெண் குரல்.

"வணக்கமா? யாருடி நீ? என் பிள்ளையை விட்டுடு!"

"பதறாதீங்கம்மா. இது இளைஞர் மனநல உதவி மையம். மனசு வலிச்சாலும் சரி, போதைப் பழக்கத்துல மாட்டிக்கிட்டாலும் சரி, பயப்படாம இங்க பேசலாம். உங்க பையனுக்கு எத்தனை வயசு?"

டீச்சர் போனை அணைத்தார்.

சீட்டை மறுபடி பார்த்தார். உதடு அசைந்தது. "வழி இல்ல... வலி!"

இருபது வருஷமாகத் தாள் திருத்துகிற கை சும்மா இருக்குமா? மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு பேரும் எழுதுங்க. 'வயித்து வலி'."

வாட்ச்மேன் முந்திக்கொண்டு 'வயித்து வளி' என்று எழுதினார். "சரிதானே டீச்சர்?"

"அது காத்து! போங்க கேட்டுக்கு."

இஸ்திரிக்காரி எழுதினாள். 'வயித்து வழி.'

"நீயா?"

"பாக்கெட்டுல பொட்டுப் பொட்டா நெருப்பு ஓட்டை டீச்சர். துவைச்சும் போகாத ஒரு வாடை, பெட்டிச் சூடு பட்டா மேல வரும். என் தம்பி சட்டையிலயும் இப்படித்தான் வந்துச்சு. அப்ப எனக்கு இந்த நம்பர் தெரியாது. தெரியறதுக்குள்ள அவன் போயிட்டான். பாப்பாவுக்கு ஊசி போடப் போன இடத்துல சுவத்துல ஒட்டியிருந்துச்சு. நம்பரை மட்டும் பார்த்து எழுதிட்டு வந்தேன்."

அந்தக் கட்டடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

டீச்சர் முகம் சிவந்தது. "எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது! இன்னொரு தடவை பாக்கெட்டுல கை வெச்சே, இந்த மேசை இங்க இருக்காது!"

சீட்டைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு படியேறினார்.

நாலு நாள் மூன்றாம் மாடித் துணி வரவில்லை. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் படியை எட்டிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் டீச்சரே இறங்கி வந்தார். கையில் ஒரே ஒரு சட்டை. அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

"பாக்கெட்டைப் பார்த்துட்டு இஸ்திரி போடு."

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய்விட்டார்.

பாக்கெட்டுக்குள் அதே சீட்டு, கசங்கல் நீவி மடித்திருந்தது. 'ழி'யைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் 'லி'. ஓரத்தில், பத்துக்கு ஒன்பது.

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'சரியா எழுதி நீயே வை. என் கையெழுத்துன்னா கிழிச்சுடுவான்.'

இஸ்திரிக்காரி புதுத் துண்டுக் காகிதம் எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

"தங்கச்சி... ஒரு நிமிஷம் கேட்டுப் பக்கம் வாயேன்."

வாட்ச்மேன். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்தார்.

"என் பொண்ணு சட்டை. இதுலயும் ஒரு பாக்கெட் இருக்கும்மா."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவள் எழுந்து ஓடினாள். மேசையில் கிடந்த சீட்டில் பாதிதான் முடிந்திருந்தது: 'மனசுல வலி இருந்தா...'