கொட்டகைப் பந்தயக்காரர்

ஒரு கொட்டகையில் பழைய பந்தயக் கார் ஒன்று வருஷக்கணக்காக வாசம் செய்தது. அதன் பக்கத்தில் வந்து நின்ற குட்டிப் புதுக் காருக்கு முதல் நாளிலிருந்தே அர்ச்சனைதான்.

"எடையைக் குறைத்துவிட்டால் ஆயிற்றா தம்பி? உன் ஸ்டியரிங்குக்கு மோட்டார், பிரேக்குக்கு கம்ப்யூட்டர். ஓட்டுகிறவனுக்கு என்னதான் வேலை? என்னை மலைப்பாதையில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். அதற்குப் பெயர்தான் ஓட்டுவது."

வருகிறவர்களிடம் முதலாளியும் "இதுதான் வண்டி" என்று பழையதைத் தட்டிக்கொடுப்பார். பிறகு புதியதில் ஏறி வேலைக்குப் போவார்.

புதுக் கார் கூனிக் குறுகியது. காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் துள்ளிக் களித்ததுகூட அதற்குக் குற்றமாகத் தோன்றியது.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி இரண்டுக்கும் மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். புதுக் கார் பழங்களை நசுக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பியது.

"நசுக்கின சத்தமே கேட்கவில்லையே," என்றது பழைய கார். "நான் நசுக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும்."

புதுக் கார் பயபக்தியோடு அண்ணனின் சக்கரத்தடியைப் பார்த்தது. அங்கே இன்று வைத்த பழத்தோடு போன வருஷத்துப் பழமும், அதற்கு முந்தின வருஷத்துப் பழமும் காய்ந்து கறுத்து, ஒன்றுகூட நசுங்காமல் கிடந்தன.