பின்வரிசை ரசிகர்

ஆறு இழுப்பறை வைத்த அலமாரியை மேடையில் ஏற்றி, ஏலம் விடும் டீச்சர் இரண்டு முறை விலை கேட்டும் கூடத்தில் ஒரு கைகூட எழவில்லை.

நான் மேடையைப் பார்க்கவில்லை. பின்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் அங்கேதான் உட்காருவார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். நான்கு வருடமாக அவள் செய்ததையெல்லாம் விடாமல் ஏலத்தில் எடுத்தவர். இன்றைக்கும் வருவார், அவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அவள் கடைசியாகச் செய்தது அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்காகத்தான் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தேன்.

என்னுடையது பழைய மரச்சாமான் கடை. எதை விற்கலாம், எதை விறகுக்குப் போடலாம் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

விறகுக்குப் போகவேண்டியதைத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். கால் போன மேசை, முதுகு உடைந்த நாற்காலி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் பூசி, படம் வரைந்து, நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தின் ஏலத்துக்குக் கொடுப்பாள்.

நானாவது சும்மா இருந்தேனா? என் வாய் அப்படி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பேன். இதைக் காசு கொடுத்து எவன் வாங்குவான், மூளை கழன்றவனா என்பேன்.

முதல் வருடம் ஏலம் முடிந்து வந்தவள், விற்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை. அடுத்த வருடமும் விற்றது. அதே ஆளாம். ஆள் எப்படி என்று கேட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், முகத்தை யார் பார்த்தது என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு ரசிகர் என்று பெயர். குழம்பில் உப்பு கூடிப்போனால், உன் ரசிகருக்கு ஊற்று, அவர்தான் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார் என்பேன். அவளும் சிரிப்பாள்.

எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. முப்பது வருடம் கூடவே இருந்த எனக்குத் தெரியாத எதை அவர் கண்டுபிடித்துவிட்டார்?

இந்த அலமாரியில் ஒவ்வொரு இழுப்பறையையும் ஒரு ஜன்னலாக வரைந்திருந்தாள். ஒன்றில் தலை துவட்டும் பெண். ஒன்றில் பூனை. ஒன்றில் செய்தித்தாளுக்குப் பின்னால் முகம் தெரியாத ஒரு ஆண். அடி இழுப்பறையில் மட்டும் பென்சில் கோடுதான். அதற்குச் சாயம் பூசுவதற்குள் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

வேறு யாரையாவது வைத்து முடித்துவிடலாமா என்று டீச்சர் கேட்டார். யாரும் தொடக் கூடாது என்றுவிட்டேன்.

இப்போது டீச்சர் மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தார். பின்வரிசையில் தூங்கி வழியும் ஒரு பெரியவர், மிச்சமெல்லாம் காலி நாற்காலி. ரசிகர் வருவதற்குள் பொருளை இறக்கிவிடுவார்களே என்று பதறிப்போய், வாசலில் கொடுத்த எண் அட்டையைத் தூக்கினேன்.

டீச்சர் ஒருதரம் என்றார். வாசலைப் பார்த்தேன். இரண்டுதரம் என்றார். மூன்று சொல்லிவிட்டால் முடிந்தது. மறுபடியும் அட்டையைத் தூக்கி விலையை ஏற்றினேன்.

இந்தத் தொழிலில் நூறு ஏலம் பார்த்தவன் நான். தன் விலைமேல் தானே ஏற்றுகிறவனைக் கண்டால் முதல் ஆளாகச் சிரித்திருப்பேன். மூன்றாவது முறை நான் ஏற்றியபோது முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

டீச்சர் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தார். வேறு யாருமே கேட்கவில்லையே, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அவளோட ரசிகர் ஒருத்தர் வருவார் டீச்சர். வருஷா வருஷம் அவர்தான் எடுப்பார். கொஞ்சம் பொறுங்க.”

டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

“சார், அது அக்காதான். யாரும் கேக்கலைன்னா பின்னாடி போய் உக்காந்து அவங்களே எடுத்துப்பாங்க. வித்துடுச்சுன்னு வீட்டுல போய் சொல்லணுமாம்.”

எடுத்ததையெல்லாம் இங்கேயே பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவாளாம். எண் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டீச்சருக்கு என்னைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. போன வருடம் மட்டும் அப்படி இல்லை என்றார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அவள் செய்த பெஞ்சைப் பார்த்துவிட்டு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லையாம். இன்னொருவரோடு போட்டி போட்டு எடுத்தார்களாம். என் மனைவி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். உடனே வீட்டுக்குப் போய் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினாளாம்.

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என்ன, இந்த வருஷமும் உன் ரசிகர்தானே என்றேன்.

தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

ஆமாம் என்றாள்.