பவர் வருது, படம் வரலை

அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை ‘ஸ்குரூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கழற்றினாலும், திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்குரூ அவன் கையில் மிச்சமிருக்கும். சில நேரம் ஸ்குரூவை விடப் பெரிதாகவும் ஏதாவது மிஞ்சும். அது ஓசைப்படாமல் அவன் பைக்குள் போய்விடும்.

அன்று மதியம் போன் செய்து ஒரு மாடி வீட்டுக்கு வரவழைத்தவர் ஒரு பெரியவர். பனியன், நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, கையில் விசிறியாக மடித்த செய்தித்தாள்.

“மாப்பிள்ளை புதுசா அசெம்பிள் பண்ணினதுப்பா. பவர் வருது, ஃபேன் சுத்துது, படம் மட்டும் வரலை. எனக்கு இதுல ஒண்ணும் புரியாது.”

அந்தக் கடைசி வார்த்தை ஸ்குரூவின் காதில் தேனாகப் பாய்ந்தது.

கேபினெட்டைத் திறந்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. ரேம் என்கிற விரல் நீளப் பட்டை, ஒரு முனையில் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் தீர்ந்தது. அரை நிமிஷ வேலை.

அரை நிமிஷத்தில் வேலையை முடிப்பது தொழிலுக்கே அவமானம் இல்லையா? ஸ்குரூ கேபிளைப் பிடுங்கினான், மாட்டினான், உள்ளே ஊதினான், உச்சுக் கொட்டினான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கண் மட்டும், திரைக்குப் படம் அனுப்பும் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை விட்டு நகரவில்லை. செங்கல் கனத்தில், இரண்டு ஃபேனோடு, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் பளபளத்தது.

“கார்டு செத்துப் போச்சுங்கய்யா.”

“ஐயையோ, புதுசாச்சே!”

“இப்பல்லாம் புதுசுதான் சீக்கிரம் போகுது. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, போட்டுத் தர்றேன். இதை நானே குப்பையில போட்டுடறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“நீ சொன்னா சரியாத்தான்பா இருக்கும்.”

இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று ஸ்குரூ உருகிப்போனான். குடிக்கத் தண்ணீர் கேட்டு அவரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, ரேமை அழுத்தினான். ‘டக்’. புதுக் கார்டு பைக்குள் போனது. பையில் கிடந்த ஓட்டை உடைசல் கார்டு அந்த இடத்தில் ஏறியது. பெரியவர் வரக் கொஞ்சம் நேரமானது. டம்ளரைத் தேடி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டதே, பாவம்!

சுவிட்சைப் போட்டான். திரையில் படம் வந்ததும் பெரியவர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

“கூலி என்னப்பா?”

“உங்களை மாதிரிப் பெரியவங்ககிட்ட என்னத்த வாங்கறது, விடுங்கய்யா.”

“தங்கமான மனசு உனக்கு. அப்படியே ஒரு ஒத்தாசை பண்ணிடு. இதெல்லாம் மக வீட்டுக்குப் போகணும். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. வெளியில கார் நிக்குது, ஏத்தி விட்டுடறியா?”

கேபினெட், மானிட்டர், ஹாலில் இருந்த டிவி, கனத்த சூட்கேஸ் இரண்டு. ஐந்து நடை நடந்தான் ஸ்குரூ. “பார்த்துப்பா, இடிச்சுடாதே” என்று பெரியவர் ஹாலில் நின்றபடியே பதறினார். பையில் இருந்ததை நினைத்ததில் ஸ்குரூவுக்குச் சுமையே தெரியவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்தால் வாசலில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில், தூக்கமில்லாத கண்களோடு ஓர் ஆள்.

“நேத்து மத்தியானம் அந்த மாடி வீட்டுக்குப் போனியா?”

ஸ்குரூ தோளில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்தான். கிழவர் லேசுப்பட்டவர் இல்லை, புகார் கொடுத்துவிட்டார். கூட நிற்பது மாப்பிள்ளையாகத்தான் இருக்கும். இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்கு வாயெடுக்கும் முன்பே ஸ்குரூ பையைக் கவிழ்த்துவிட்டான்.

“நான்தான் சார் எடுத்தேன். கார்டு நல்லாத்தான் இருந்தது. ரேம்தான் சரியா உட்காரலை.”

“அட, ரேமா? ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மூணு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேனே!” என்றார் பக்கத்தில் நின்றவர்.

இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார்.

“தப்புதான் சார்,” ஸ்குரூ கையெடுத்துக் கும்பிட்டான். “அந்தப் பெரியவர் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“நீ சாமானையெல்லாம் கார்ல ஏத்தினது எதிர்வீட்டு கேமராவுல பளிச்சுனு இருக்கு. மிச்சத்தை எங்கேடா வெச்சிருக்கே?” இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

“அதெல்லாம் அந்தப் பெரியவர்தான் சார் ஏத்தச் சொன்னாரு!”

“வீட்டுக்காரர் இவர்தான், ஒரு வாரமா பூட்டிக் கிடந்த வீட்டுல ஏதுடா பெரியவர்?”