துவைக்காத சட்டை

"ஏழு மாசத்துக்கு வயித்துல குழந்தை ரொம்பச் சின்னதா இருக்கேம்மா. வீட்டுல பூச்சிமருந்து அடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க."

கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்தே கணவன் அவளை அண்டுவதில்லை. வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டுத் தனி அறையில் படுத்துக்கொள்வான். ஏனென்று கேட்டால் மழுப்புவான். சுவரோடுதான் அவளுக்குப் பேச்சு.

பக்கத்திலிருந்த கணவன் தொண்டையைச் செருமினான். "கிடங்குல பூச்சிமருந்து அடிக்கிறதே நான்தான் டாக்டர். இவ பயந்துடுவாளேன்னு காவல் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். அதான் கிட்டயே போறதில்ல. சட்டையைக்கூட மூடி போட்ட வாளியில போட்டு, ஞாயித்துக்கிழமை நானே துவைக்கிறேன்."

அவள் பதறி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் வேலைக்குப் போனதும் தினமும் அந்த வாளியைத் திறந்து, சட்டையைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தாள். அந்த நெடியைத்தான் அவன் வாசனை என்று நினைத்திருந்தாள்.