தொண்டைக்குள் ஒரு துக்கம்

“பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவளுக்கு இதெல்லாம் புரியுமா?” என்று கேட்டபடி அத்தை மகன் அவளிடம் இயர்போனை நீட்டினான்.

எல்லாம் சினிமாவில் வராத பாட்டுகள். ராத்தூக்கம் கெட்டு, தானே தேடிச் சேர்த்த பட்டியல் என்றான். அதை ரசிக்கத் தெரிந்தவளைத்தான் கட்டிக்கொள்வானாம். கூடத்தில் இரண்டு வீட்டாரும் அவன் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “நல்லாருக்கு அத்தான். ஆனா இந்தக் கடைசிப் பாட்டு?”

“அதுதான் உச்சம்! வார்த்தையே கிடையாது. தொண்டைக்குள்ளயே ஒரு துக்கத்தை வச்சு உருட்டுறான் பாரு. கேட்டு அழுதிருக்கேன். உனக்குப் பிடிபட நாளாகும்.”

“யார் பாடினது?”

“பேர் போட்டுக்கல. பெரிய கலைஞனுங்க அப்படித்தான்.”

அவள் தன் போனைத் திறந்து காட்டினாள். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று புனைபெயரில் அவள் எப்போதோ போட்டு வைத்த பட்டியல். அதே பாட்டுகள், அதே வரிசை.

“கடைசில இருக்கறது நான் கை தவறி ஏத்தினது அத்தான். உங்க மாமா மத்தியானம் தூங்கறப்ப விட்ட குறட்டை.”

அவன் எழுந்தான். இயர்போனைக்கூடத் திருப்பி வாங்காமல், கூடத்தில் இருந்த யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான்.